பிறந்ததற்கு ஒரு சாட்சி

கொலம்பஸ், ஒஹாயோ
செப்டம்பர் 6, 2011

அன்புள்ள சலோமா அக்கா,

மாம் இறந்த பிறகு நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளவில்லை. மூன்று வருடம் ஆகிறது. அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, எனக்கு மட்டும் சன்னல் ஓரம் ஒரு சின்ன மேஜையைத் தள்ளிப் போட்டு, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தாய். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஞானஸ்நானம் எடுத்துவிட்டு ஆமிஷ் சபையை விட்டுப் போனவளோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது, அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது நீ போட்ட விதி இல்லை. தெரியும். ஆனால் மேஜையைத் தள்ளிப் போட்டது நீதான். மறக்கப் பார்த்தேன். முடியவில்லை, விட்டுவிட்டேன்.

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. எனக்கு ஓர் உதவி வேண்டும். கேட்பதற்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

நர்ஸ் படிப்பை முடித்துவிட்டேன். இருபது வருடம் அடுத்தவர் வீடுகளைத் துடைத்துக்கொண்டே படித்தது. ஒரு முதியோர் இல்லத்தில் எனக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் தேர்வு மட்டும் பாக்கி. தேர்வு எழுத அரசாங்கம் கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். அந்த எண் வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மாநிலப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். கோடை முழுக்கக் காத்திருந்த பிறகு ஒரே வரியில் பதில் வந்தது: அப்படி ஒரு பிறப்பு பதிவாகவில்லை.

டாட் நம் வீட்டில் யாரையும் பதிவு செய்யவில்லை அல்லவா. கணக்கு வைப்பது கர்த்தரின் வேலை என்பார். இந்த மாநிலத்தைப் பொறுத்தவரை நான் இன்னும் பிறக்கவில்லை.

நம் கவுண்டி கோர்ட்டில் தாமதப் பதிவுக்கு மனு போட்டிருக்கிறேன். இரண்டு ஆதாரம் கேட்கிறார்கள். ஒன்று கிடைத்துவிட்டது. ஒன்பது வயதில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கை ஒடிந்தேனே, அப்போது ஆஸ்பத்திரியில் எழுதி வைத்த குறிப்பு. மற்றொன்று, நான் பிறந்தபோது அந்த வீட்டில் விவரம் தெரிந்த வயதில் இருந்த ஒருவரின் வாக்குமூலம். மாம் இல்லை. டாட் இல்லை. மருத்துவச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். உனக்கு அப்போது பதினொரு வயது.

பிப்ரவரி முடிவதற்குள் தேர்வு எழுதாவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும். அந்த வேலையும் அதோடு போகும். எனக்கு டிசம்பரில் நாற்பத்து நான்கு ஆகிறது. இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க என்னால் முடியாது.

இதோடு வைத்திருக்கும் தாளில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரே ஒரு கையெழுத்து.

லொவைனா

* * *

பிளம் ரன்
செப்டம்பர் 19

லொவைனாவுக்கு,

கர்த்தரின் பெயரால் வாழ்த்து. இங்கே விடியலில் குளிர் தொடங்கிவிட்டது. இந்த வாரம் சோளத்தட்டை வெட்டி, மாட்டுத் தீவனம் சேர்க்கும் சைலோவை நிரப்பினோம். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் என் அடுப்பில்தான் சாப்பாடு. தக்காளி முடிந்தது, பீச் பழம் பாதி ஜாடிக்குப் போயிருக்கிறது. ஈனோஸும் எங்கள் ஏழு பிள்ளைகளும் சுகம். மலிந்தாவுக்குப் பதினேழு ஆகிவிட்டது. எழுத்து இருக்கிற எது கிடைத்தாலும் படிக்கிறாள். கோழித் தீவனச் சாக்கைக்கூட விடுவதில்லை. யாரை மாதிரி என்று சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தை ஈனோஸ் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். சபையில் சீட்டுப் போட்டு அவரைப் போதகராக எடுத்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் அப்படித்தான். ஒளிக்க ஒன்றும் இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டும்.

"பொறந்தாளா இல்லையான்னு கவர்மென்ட்டுக்குச் சந்தேகம்னா அது கவர்மென்ட்டு பாடு. எனக்குச் சந்தேகமே இல்ல. அவ கேக்கற கேள்வியப் பாத்தாலே தெரியுதே, பொறந்திருக்கான்னு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"முதல் வரியே 'சத்தியமாக'ன்னு இருக்கு. இத உனக்கு அனுப்ப அவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

எனக்கும் அதேதான் கேட்கத் தோன்றியது. நாம் சத்தியம் செய்கிறவர்கள் இல்லை. ஆமாம் என்றால் ஆமாம், அதற்கு மேல் எதன் மேலும் கை வைப்பதில்லை. அதை நீ மறக்குமளவுக்கு நகரம் உன்னைக் கழுவிவிட்டதா? என்னால் முடியாது.

உன் கடிதத்தை நான் வாங்கலாமா என்றே இங்கே சிலர் கேட்டார்கள். பிஷப்தான், "தபால்காரர் கையிலேருந்துதானே வாங்குறா, அவ கையிலேருந்து இல்லையே" என்று விட்டுக்கொடுத்தார். அந்த வழியையும் அடைத்துவிடாதே.

மேஜையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தத் துணி மாமின் கல்யாண விருந்துக்கு விரித்த துணி. என் கல்யாணத்துக்குக்கூட நான் அதை வெளியே எடுக்கவில்லை.

சலோமா

* * *

கொலம்பஸ்
செப்டம்பர் 27

அக்கா,

அது என்ன துணி என்று அன்று எனக்குத் தெரியாது. உன் கடைசி வரியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றே சொல்லியிருக்கலாமே என்று உன்மேல் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டேன்.

சத்தியம் விஷயத்தில் தவறு என்னுடையதுதான். அவசரத்தில் கவனிக்கவில்லை. கோர்ட்டில் டார்லீன் என்று ஓர் அம்மாள் இந்த மனுக்களைப் பார்த்துக்கொள்கிறார். செவ்வாய்க்கிழமை தோறும் போன் செய்து என் மனு எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"சத்தியம் பண்ண மாட்டாங்களா? இந்தக் கவுண்டில பாதிப் பேரு பண்ண மாட்டாங்க தங்கம். அதுக்குத்தான கீழ இன்னொரு வரி போட்டு வெச்சிருக்கோம், 'உறுதி கூறுகிறேன்'னு. அந்தக் கட்டத்துல ஒரு டிக் போடச் சொல்லு, போதும்."

புதுத் தாள் வைத்திருக்கிறேன். கீழ் வரியில் ஒரு டிக். ஆமாம் என்றால் ஆமாம், அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போன வார்டில் ஒரு கிழவர் இருந்தார். தன் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துப் படித்து அவருக்கே சொல்வேன். "அப்படியா? நல்லது" என்பார். ஒரு நாள் அவர் என் வெறும் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன்னை யாரும் எழுதி வைக்கலையாம்மா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

லொவைனா

* * *

பிளம் ரன்
அக்டோபர் 14

லொவைனா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்களை வேனில் கூட்டிப் போகும் வெளி ஆள், அந்த இங்கிலீஷ்காரர், வேறு வேலையாக டவுனுக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். ஜாடி மூடி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மூடியும் வாங்கினேன். அதனால் அது பொய் இல்லை.

வங்கியில் இருக்கும் நோட்டரி தாளை நேராகக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். நீ சொன்ன கட்டத்தில் குறி போட்டேன்.

ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. அதற்கு முன்னால் மனதில் எதையும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நான் அது பொய் இல்லை என்று எண்ணிக்கொண்டு போய் உட்காரப் போகிறேன்.

நான் எழுதும் வரை எழுதாதே. தபால்பெட்டிக்கு யார் முதலில் போவார்கள் என்று சொல்ல முடியாது.

ச.

* * *

கொலம்பஸ்
நவம்பர் 8

அக்கா,

எழுதாதே என்றாய். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். உனக்குப் போன் இருந்தால் இந்த நேரம் கத்தியிருப்பேன்.

தாள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கீழ்க் கட்டத்தில் சரியாகத்தான் குறி போட்டிருக்கிறாய். மேல் வரியில் இருந்த "சத்தியமாக" என்ற வார்த்தையை ஏன் அடித்தாய்? அடித்தல் திருத்தல் இருந்தால் வாக்குமூலம் செல்லாதாம். வார்த்தையைத் தொடாமல் விட்டிருந்தால் இந்நேரம் உத்தரவு வந்திருக்கும். இன்று டார்லீனுக்குப் போன் செய்தபோது, "உங்க அக்கா என்ன, ஏர் ஓட்டினாங்களா?" என்றார். "மூணு தடவ அடிச்சிருக்காங்க. பேப்பரே கிழிஞ்சு போச்சு."

புதிதாக ஒன்று எழுதி வாங்கி அனுப்பட்டுமா என்று கெஞ்சினேன்.

"முன்னாடின்னா சரின்னு விட்டுருப்பேன் தங்கம். ஆனா நீதிபதி பாத்துட்டார். ஒரு வார்த்தைய இவ்வளவு அழுத்தி அடிக்கிற மனுஷிய நான் நேர்ல பாக்கணும்னு சொல்லிட்டார். சாட்சிய கூட்டிட்டு வா."

டிசம்பர் 13 விசாரணை. சாட்சி வராவிட்டால் மனு தள்ளுபடி. அதற்குப் பிறகு புதிதாகப் போட்டால் பிப்ரவரிக்குள் எதுவும் நடக்காது.

நோட்டரி முன்னால் ஒரு கையெழுத்து என்று ஆரம்பித்தேன். இப்போது கோர்ட்டுக்கு வா என்கிறேன். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அந்த வார்த்தையை நீ அடித்ததால் அல்ல. அந்த வீட்டில் அன்று இருந்தவர்களில் மிஞ்சியிருப்பது நாம் இரண்டு பேர்தான், எனக்கு அது ஞாபகம் இல்லை.

லொவைனா

* * *

பிளம் ரன்
நவம்பர் 17

லொவைனாவுக்கு,

உன் கடிதத்தை ஈனோஸ்தான் தபால்பெட்டியிலிருந்து எடுத்தார். அங்கேயே நின்று வாசித்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றவில்லை.

"மூடி வாங்கப் போனியா?"

"போனேன். மூடியும் வாங்கினேன்."

"மூடியப் பத்தி நான் கேக்கல, சலோமா."

மலிந்தா தண்ணீர் எடுக்கும் சாக்கில் வெளியே போய்விட்டாள். சின்னவர்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

ஏன் அடித்தாய் என்று கேட்டிருக்கிறாய். கீழே குறி போட்ட பிறகும் அந்த வார்த்தை மேலே இருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுத வேண்டும். பேனாவை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நோட்டரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அடித்த பிறகுதான் கை எழுதியது. நீ படித்தவள், ஒரு வார்த்தையைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போக உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். உனக்கு நஷ்டம் ஆனதற்கு வருத்தப்படுகிறேன்.

ஈனோஸ் பிஷப்பிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். பொய் சொன்னதற்கு நான் சபை முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோர்ட்டு நம் இடம் இல்லை என்கிறார்கள். நான் வரமாட்டேன் என்று உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அவர் வாசித்தும் பார்த்துவிட்டார்.

சலோமா

உறையை ஒட்டுமுன் இதைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எத்தனை மணிக்கு? எந்த மாடி?

* * *

கொலம்பஸ்
நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அக்கா வரமாட்டாள் என்பது புரிந்தது. வற்புறுத்த மாட்டேன்.

நான் மட்டும் டிசம்பர் 13 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட்டின் இரண்டாவது மாடியில், படி ஏறியதும் இடது பக்கம் இருக்கும் அறையில், எனக்குச் சாட்சி இல்லை என்று நீதிபதியிடம் சொல்லப் போகிறேன். அந்த நேரத்தில் எனக்காக ஜெபம் செய்யுங்கள்.

ஈனோஸ் அத்தான், இதை நீங்கள் மேஜையில் வாசிப்பீர்கள் என்று தெரியும். அதனால் உங்களுக்கே ஒரு வரி. நான் பிறந்திருக்கிறேன் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை என்று சொன்னீர்களாம். அப்படி உறுதியாகச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். நன்றி. ஆனால் நான் பிறந்த அன்று நீங்கள் அங்கே இல்லை. உங்கள் சாட்சி செல்லாது.

லொவைனா

* * *

கொலம்பஸ்
டிசம்பர் 15

அக்கா,

கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது அத்தானின் தொப்பி. என்னைத் தடுக்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன். பிறகுதான் அவருக்குப் பின்னால் உன் கறுப்புச் சால்வை தெரிந்தது. அவர் யாரையும் பார்க்காமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டார்லீன் என் காதில், "இவருதான் சந்தேகமே இல்லாதவரா?" என்று கேட்டார்.

நீ பேசியதை நான் மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது என்று நேற்று எழுதியும் வைத்தேன்.

"தேதி எப்படி உங்களுக்கு இவ்வளவு நிச்சயமாத் தெரியும்?" என்று நீதிபதி கேட்டார்.

"அன்னைக்குப் பன்னி அடிச்சோம்" என்றாய்.

"பன்னியா?"

"ஆமா. டிசம்பர் ரெண்டாவது வெள்ளிக்கிழமை. எங்க வீட்டுல எப்பவும் அன்னைக்குத்தான். மாம் மத்தியானம் வரைக்கும் சாசேஜ் அடைச்சுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் கையக் கழுவிட்டு உள்ள போயிட்டாங்க. என்ன கொழுப்பு உருக்குற கொப்பரைகிட்ட நிறுத்தி, உள்ளேருந்து என்ன சத்தம் கேட்டாலும் நகராத, கிண்டிக்கிட்டே இருன்னாங்க."

"நீங்க நகரலையா?"

"இவ அழுத சத்தம் கேட்டுச்சு. கரண்டியப் போட்டுட்டு ஓடிட்டேன். கொழுப்புப் பூராவும் கருகிப் போச்சு. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்க வீட்டு ரொட்டியில கருகின வாசம். ஒவ்வொருத்தரும் கடிக்கும்போது என்னத்தான் பாப்பாங்க. அந்தத் தேதி எனக்கு எப்படிங்க மறக்கும்?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அத்தான்கூடக் குனிந்துகொண்டார். நான் சிரிக்கவில்லை. நாற்பத்து நான்கு வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் நீ இதைச் சொல்கிறாய். என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. என் சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் நீ என்று தெரிந்திருந்தால், எத்தனையோ நாட்கள் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அது என்னை அரித்துக்கொண்டே இருக்கும்.

நீதிபதி உத்தரவிட்டதும் கையெழுத்துப் போடப் போன கவுண்டரில் ஒரே பேனாதான் இருந்தது. நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். அடுத்து நீ. என் தோளை உரசும் தூரத்தில் நின்றாய். உன் சால்வையில் மண்ணெண்ணெய் விளக்கின் வாசம், நம் வீட்டு வாசம். பேனா என் கையில் இருந்தது. அதை நான் மேஜையில் வைத்தேன். நீ மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாய். பார்த்தவர்கள் யாருக்கும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு அந்தச் சின்ன மேஜையும் வெள்ளைத் துணியும் வந்து முன்னால் நின்றன.

நான் பிறந்தேன் என்று நாடறியச் சொல்ல உன்னால் முடிந்தது. ஒரு பேனாவை என் கையிலிருந்து வாங்க முடியவில்லை.

பிறகு வேன் கிளம்பிவிட்டது.

உத்தரவு மாநிலப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். இனி அங்கேதான் காத்திருக்க வேண்டும். நீ செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மனதில் இருப்பதுதான் வந்திருக்கிறது. மன்னித்துக்கொள்.

லொவைனா

* * *

கொலம்பஸ்
ஜனவரி 24, 2012

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. என் கடிதம் உன்னைக் காயப்படுத்திவிட்டதா, இல்லை உனக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டதா? தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. நீ கோபத்தில் எழுதாமல் இருக்கிறாய் என்றால் பரவாயில்லை. அதை நான் தாங்கிக்கொள்வேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பதிவு அலுவலகத்தில் உத்தரவு எங்கேயோ மாட்டிக்கொண்டது. வந்து சேரவில்லை என்றார்கள். டார்லீன் அனுப்பிவிட்டேன் என்றார். நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போன் செய்தேன். கடைசியில் டார்லீனே அவர்களைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு உங்களுக்கு இன்னும் பொறக்கவே இல்ல, இப்பவே இந்தப் பாடு படுத்துறா. பொறந்துட்டா என்னாகும்னு யோசிச்சுக்கோங்க. சீக்கிரம் குடுத்துடுங்க" என்றாராம்.

இன்று காலை தபாலில் வந்தது.

நின்றபடியே பிரித்தேன். மாமின் பெயர் இருக்கிறது, அவளுடைய கல்யாணத்துக்கு முந்தைய பெயரோடு. டாட்டின் பெயர். தொழில்: விவசாயம். பிறந்த இடம் என்ற இடத்தில் "வீடு" என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் சமையலறையில் நின்றேன் என்று தெரியாது. மத்தியானமே போய் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பித்துவிட்டேன். தேர்வு பிப்ரவரி 21.

இவ்வளவும் உன்னால். பேனாவைப் பற்றி எழுதியதை நான் திரும்பப் பெற முடியாது, அது உண்மை. ஆனால் அதை முதலில் வைத்து, இதைப் பின்னால் வைத்தது தவறு.

உனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது.

லொவைனா

* * *

பிளம் ரன்
பிப்ரவரி 6

லொவைனாவுக்கு,

கர்த்தரின் பெயரால் வாழ்த்து. பனி முழங்கால் வரை கிடக்கிறது. பம்ப் இரண்டு தடவை உறைந்துவிட்டது. ஒரு பசுவுக்கு மடி வீக்கம், இப்போது தேவலை.

நேற்று சபையில் என் காரியம் வந்தது. அதுவரை நான் யாருக்கும் எழுதக் கூடாது என்றிருந்தார்கள். அதனால்தான் எழுதவில்லை. கோபம் இல்லை.

பேனா விஷயத்துக்கு வருகிறேன். பேனா உன் கையில் இருந்தபோது நான் கையை நீட்டினேன். நீ பார்க்கவில்லை. உன் கண் மேஜையில் இருந்தது. எங்கே வைக்கலாம் என்று இடம் தேடிக்கொண்டிருந்தாய். இத்தனை வருடமாக நாங்கள் எல்லோரும் உன்னை அப்படிப் பழக்கிவிட்டோம். என் கை வந்து சேர்வதற்குள் வைத்துவிட்டாய். வைத்த பிறகு நான் என்ன செய்ய முடியும்? எடுத்துக்கொண்டேன்.

நீ பார்க்கவில்லை. ஆனால் ஈனோஸ் பார்த்தார்.

வேன் பாலம் தாண்டியதும் அவர் நம் மொழியில், ஓட்டுகிறவருக்குப் புரியாத மாதிரி சொன்னார்.

"நீ கைய நீட்டின."

"நீட்டினேன்."

"நான் பாத்தேன். பாக்கலன்னு என்னால சொல்ல முடியாது, சலோமா."

"அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேக்கலையே."

அவர்மேல் கோபப்படாதே. கோர்ட்டுக்கு முந்தின கடிதத்தில் நீ அவருக்கு எழுதிய வரியை மேஜையில் வாசித்துவிட்டு, தட்டைத் தள்ளி வைத்தார். "போறதுன்னா நீ தனியா போகக் கூடாது, நானும் வர்றேன்" என்று அவர்தான் வேனுக்குச் சொல்லி அனுப்பினார். அவரும் ஒரு சாட்சிதான். பார்த்ததைப் பார்த்தேன் என்று சபையில் சொன்னார். உன் விஷயத்தில் நான் செய்ததும் அதுதான்.

மூடி விஷயத்தில் பொய் சொன்னதற்கு முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். மனதார. அது பொய்தான். பிறகு பிஷப், பேனாவுக்காக நான் கை நீட்டியதை விசாரித்தார்.

"பேனா என் கைக்கு வரவே இல்லையே. எத வாங்கினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்?" என்றேன்.

பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை. பிஷப் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அது உன் கைக்கு வந்திருந்தா?"

"வந்திருந்தா வாங்கியிருப்பேன்."

வசந்தகாலத் திருவிருந்து வரை யோசித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அந்தக் கைக்கும் சேர்த்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கும் ஒரு சின்ன மேஜை. யோசிக்கிறேன்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எங்கள் ஏழு பிள்ளைகளையும் ஈனோஸ் பதிவு செய்யவில்லை. டாட் மாதிரிதான். ஏழும் இந்த வீட்டில் பிறந்தவை. எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி போன வருடம் கண்ணை மூடிவிட்டாள். கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியெல்லாம் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்கு நான் ஒருத்தி மிஞ்சியிருந்தேன், அதுவும் கொழுப்புக் கருகியதால். இவர்களுக்கு யார் மிஞ்சுவார்கள்?

மலிந்தா இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நான் எதையும் நினைத்து இதை எழுதவில்லை. அவள் எங்கேயும் போகக் கூடாது என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். ஏழு பேரும் இங்கேயே இருந்தால் அவர்கள் பிறந்ததற்கு நான் எழுதி வைக்கும் தாள்கள் மாவுப் பெட்டிக்கு அடியில் கிடந்து மக்கிப் போகட்டும். ஆனால் யாராவது ஒருவர் போனால், வெறுங்கையாகப் போகக் கூடாது. பெற்றவள் நான். உயிரோடு இருக்கும்போதே ஆமாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இந்தத் தடவை எந்த வார்த்தையையும் அடிக்க மாட்டேன். "சத்தியமாக" என்ற வரி இல்லாத தாளாக அந்த டார்லீனிடம் கேட்டுப் பார்.

ஏழு தாள் வேண்டும். தபாலில் அனுப்பாதே. அனுப்பினால் மேஜையில் வாசிக்கப்படும். ஈனோஸிடம் நானே சொல்வேன், ஆனால் வாங்கிய பிறகு சொல்வேன். மூடி வாங்கப் போகிறேன் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் தேர்வு முடியட்டும். முடிந்ததும் நீயே கொண்டு வா. பகலில் வா, முன்வாசல் வழியாக வா. நான் கதவருகில் நிற்பேன்.

நீ குனிந்து இடம் தேடாதே. என் கையைப் பார். அதில் கொடு.

சலோமா